குசினியை முன்னுக்குக் கொண்டுவந்த அப்டேட்

நேற்று மகளின் கணினித் திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. கிராபிக்ஸ் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாம். அவள் அதை வாசிக்கக்கூட இல்லை. மூடிவிட்டு விளையாடப் போனாள்.

"என்னன்னு பாத்தியா?" என்றேன்.

"அது தானா ஆகும்பா" என்றாள்.

தானாக ஆகுமாம். நான் மூன்று வருடம் சோறு தின்றதே அது தானாக ஆகாததால்தான்.

கண்டி நகரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் கணினிக் கடை. அம்பிட்டியவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து படியேறினால், கீழேயிருந்து புதுத் துணியின் கஞ்சி வாசனையும் கூடவே ஏறி வரும். இன்றைக்கும் அந்த வாசனை மூக்கில் பட்டால் எனக்குப் புடவை ஞாபகம் வராது, டைரக்ட்எக்ஸ் ஞாபகம்தான் வரும். என் மனைவி இதை நம்புவதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கணினி விளையாட்டு திரையில் படம் காட்ட வேண்டுமென்றால் அடியில் இந்த டைரக்ட்எக்ஸ் மென்பொருள் இருக்க வேண்டும். அது பழசாக இருந்தால், இன்ன கோப்பைக் காணவில்லை என்று ஒரு வரி வரும். அத்தோடு விளையாட்டு படுத்துவிடும். மாதா மாதம் புதியதைத் தொலைபேசி வழி இணையத்தில் இறக்குவது என் வேலை. அதே லைனில் கீழே துணிக்கடைக்காரர் போனைத் தூக்கினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இறக்கியதைச் சீடியில் பதிந்து, மேலே மாதத்தின் பெயரை எழுதி, பிலிமத்தலாவை, கலகெதர என்று வீடு வீடாகக் கொண்டுபோவேன். தூறலில் மை கரைந்து மார்ச்சும் மேயும் ஒன்றாகத் தெரியும்.

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் 'யெஸ்'தான். "வாசிச்சிட்டு ஈந்தா வேல முடியுமா? யெஸ் குடுங்க" என்பார் முதலாளி. நானும் கொடுத்துக்கொண்டே போனேன். அப்படித்தான் ஒருநாள் ஒரு வீட்டையே அழித்தேன்.

கலகெதரயில் நஸீமா ராத்தா இருந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் கூப்பிடுவோம். கணவர் ரஷீத் நானாவுக்குக் கட்டாரில் வேலை. லீவில் வந்தபோது ஒரு விளையாட்டு வாங்கி வந்திருந்தார். நிலத்தில் வீடு கட்டி, ஆட்களைக் குடிவைக்கும் விளையாட்டு. தாங்கள் ஒருநாள் நிஜமாகக் கட்டப்போகும் வீட்டை இருவரும் அதில் கட்டத் தொடங்கினார்கள். அவர் திரும்பிப் போன பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் போனில் அவர் சொல்லச் சொல்ல, ராத்தா எட்டு மாதம் கட்டினார். பிறகு அவர் அதன் புதுப் பாகத்தை ஆள்வசம் கொடுத்தனுப்பினார். அதைப் போட்டதும் விளையாட்டு திறக்க மறுத்துவிட்டது.

ஞாயிறு மதியம் சீடியோடு போனேன். சீடியை மட்டும் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. எனக்குத்தான் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று ஒரு திமிர். பழைய விளையாட்டை முழுக்கக் கழற்றினேன். சேமித்தவற்றையும் அழிக்கவா என்று ஒரு பெட்டி கேட்டது. யெஸ் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் மறுபடி போட்டதும் விளையாட்டு அழகாகத் திறந்தது. வீடு இருந்த இடத்தில் வெறும் புல்தரை.

"எங்கட வீடு எங்க தம்பி?"

செய்ததைச் சொன்னேன். ராத்தா எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. ராத்தாவின் உம்மா கதிரையில் உட்கார்ந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்தா தேத்தண்ணியும், எழுதுகிற கொப்பியும் பென்சிலுமாக வந்தார். கண் சிவந்திருந்தது.

"அவருக்குச் சொல்ல வாணாம். எல்லாம் எனக்கு ஞாபகம் ஈக்கி. நான் கீறித் தாரன், நீங்க கட்டுங்க."

பொழுது சாயும்வரை கட்டினோம். அறை, ஜன்னல், கிணறு, கதவின் நிறம் என்று ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை. குசினிக்கு, அதுதான் சமையலறைக்கு, வந்ததும் மட்டும் பென்சில் நின்றது.

"இத முன்னுக்கு வைங்க. ரோட்டப் பாத்த மாதிரி பெரிய ஜன்னல் ஒண்டு. அவர் வார நாளைக்கி, பஸ்ஸால எறங்கக்குள்ளயே எனக்குக் காணலாம்."

உம்மா முதல்முறையாக வாய் திறந்தார். "பின்னுக்குத்தானே வைக்கச் சொன்ன அவர்?"

"புது அப்டேட்டுல குசினி முன்னுக்குத்தான் வருமாம் உம்மா. இல்லயா தம்பி?"

யெஸ் கொடுத்துப் பழகியவன்தானே நான். "ஆமாங்க" என்றேன்.

அடுத்த லீவில் ரஷீத் நானா எங்கள் கடைக்கே வந்துவிட்டார். கையில் எனக்கு ஒரு பெட்டி ஈச்சம்பழம்.

"தம்பி, அந்த அப்டேட்டப் போட்டா குசினி முன்னுக்கு வருமா?"

"வரும் நானா."

"திரும்பப் பின்னுக்கு மாத்த ஏலாதா?"

"ஏலாதுங்க நானா."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உதட்டோரம் மெல்லச் சிரித்தது. "அப்ப சரி. வீடு கட்டுற மேசன் பாஸுக்கும் அப்பிடியே சொல்றன்."

அந்த மனிதரை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

இப்போது அந்தக் கடை இல்லை, சீடியும் இல்லை. அந்த விளையாட்டு இன்றைய கணினிகளில் திறக்காது. ஆனால் குருநாகல் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கலகெதரயில் அந்த வீட்டைப் பார்ப்பேன். குசினி முன்னால்தான் இருக்கிறது. பல வருடங்கள், எப்போது கடந்தாலும், பஸ் சத்தத்துக்கு அந்தப் பெரிய ஜன்னலில் ஒரு முக்காடு எட்டிப் பார்க்கும்.

போன மாதம் போனபோது ஜன்னல் சாத்திக் கிடந்தது. இருக்கையை விட்டு எழுந்து கழுத்தை நீட்டினேன். பஸ் சற்று நகர்ந்ததும் வாசலைக் கண்டேன். இரண்டு கதிரைகள். நரைத்த தாடியோடு ரஷீத் நானா பேப்பரை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நஸீமா ராத்தா பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். பஸ் சத்தத்துக்கு அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.