பன்னிரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள்

இது நடந்த விஷயம். நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். இருதயராஜ் குடிக்கிறவன் இல்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன். விழுப்புரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. எண்ணுவதுதான் அவன் பிழைப்பு. ஒன்றுகூடத் தப்பாது.

1963, பிப்ரவரி 17. ஞாயிற்றுக்கிழமை.

இருதயராஜ் ‘ஞாயிறு நடைச் சங்கம்’ என்று ஒன்று நடத்திக்கொண்டிருந்தான். தபாலாபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று ஊரிலிருந்த இளவயது உத்தியோகஸ்தர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு குன்றுக்கு நடந்துபோய்ச் சாயந்திரம் திரும்ப வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். ஆட்கள்தான் சரியில்லை. முதல் தடவை பாதிப்பேர் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தவர்கள் நடுவழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். இந்த மூன்றாவது நடையும் கெட்டால் சங்கத்தைக் கலைத்துவிடுவது என்று முடிவு செய்து, ஒரு விசிலும் வாங்கி வைத்திருந்தான்.

அன்றும் காலையிலேயே தகராறு. தபாலாபீஸ் சின்னதுரை ரயில் நகர்ந்த பிறகு ஓடிவந்து ஏறினான். சிரித்துக்கொண்டே ஏறினான்.

“ஏன் சார், ஆறு பத்துன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?” என்றான் இருதயராஜ்.

“வந்துட்டேன் இல்ல. விடு ராஜ்.”

ரயில்வே பாஸில் வந்த தன்னைச் சேர்க்காமல் பன்னிரண்டு பேர். எண்ணிக்கொண்டான். திரும்பிவரும் டிக்கெட் பன்னிரண்டும் அவன் சட்டைப்பையில் இருந்தன.

திண்டிவனத்தில் இறங்கி மேற்கே ஐந்து மைல் நடந்தால் குந்தாணிப் பாறை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர். மரம் அதிகமில்லாத மொட்டைக் குன்று. வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லை. ஒருவர் கடலைக்காய் பிடுங்கித் தின்ன நிற்பார், ஒருவர் செருப்பில் முள் என்று உட்காருவார். விசில் ஊதி ஊதி இருதயராஜுக்கு வாய் உலர்ந்துபோயிற்று. உச்சிக்குப் போனபோது மணி 11.35. எண்ணினான். பன்னிரண்டு.

சாப்பிட்டு முடித்ததும் சின்னதுரை தலையில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பாறைகளைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினான்.

“அந்தாண்ட போவாதீங்க. ஒண்ணரைக்கு எறங்கணும்.”

“நீ என்னா வாத்தியாரா? நாங்க என்னா பசங்களா?”

நாலு பேர் சிரித்தார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது இருதயராஜுக்குப் பொங்கிவிட்டது.

“உங்கள மேய்க்கிறதே பேஜாராப் போச்சி. இஷ்டம் இருந்தா வாங்க. இல்லாட்டி இங்கியே கெடங்க.”

சின்னதுரை துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். பாறைக்குப் பின்னால் போனான். மணி 12.10.

சரியாக 1.30க்கு இருதயராஜ் நீளமாக விசில் ஊதினான். ஒவ்வொருவராக எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். கடைசியாக, கொஞ்சம் தள்ளி, வெள்ளைத் துண்டு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. இருக்கட்டும். எனக்கு மட்டும் போய்விட்டதா? இப்படி நினைத்துக்கொண்டு எண்ணினான். பன்னிரண்டு. இறங்கினார்கள்.

அடிவாரத்துக் குட்டையில் எல்லோரும் முகம் கழுவித் தண்ணீர் குடித்தார்கள். வெள்ளைத் துண்டு மட்டும் வரவில்லை. நாற்பது கஜத்துக்குப் பின்னால் அப்படியே நின்றது.

மணி 2.45. எண்ணினான். பன்னிரண்டு.

தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. மிஷன் பள்ளி டீச்சர் லூர்துமேரி தன் அண்ணனோடு வந்திருந்தாள். நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தவள், இருதயராஜ் பக்கத்தில் வந்தாள்.

“சார், சின்னதுரை சார் வெறுங்காலோட வர்றாரு.”

“வார் அறுந்திருக்கும். உடுங்க டீச்சர்.”

“இந்த வெயில்ல... கால் கூசவே இல்லியே அவருக்கு.”

இருதயராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிட்டால் மறுபடி சண்டை.

இவர்கள் நின்றால் அதுவும் நின்றது. வேகமாக நடந்தால் அதுவும் வேகம். எப்போதும் அதே நாற்பது கஜம். காலடிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் முருகையன் ஒருமுறை நின்று, “தொரே, ஜல்தி வாப்பா,” என்று கத்தினான்.

அதுவும் நின்றது.

ஸ்டேஷன் வாசலில் மணி 4.58. எண்ணினான். பன்னிரண்டு. அப்பாடா என்றிருந்தது. ஒரு நடையாவது உருப்படியாக முடிந்தது.

பிளாட்பாரத்தில் டிக்கெட் கொடுத்தான். ஆளுக்கு ஒன்று. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

கையில் ஒன்று மிச்சம்.

“சின்னதுரை எங்க?”

“இப்பத்தான் அந்த பெஞ்சியாண்ட நின்னுக்கினு இருந்தாரு,” என்றான் முருகையன்.

பெஞ்சில் வெள்ளைத் துண்டு கிடந்தது. மூலையில் சின்னதுரை வீட்டுச் சலவைக் குறி. இருதயராஜ் எடுத்துப் பார்த்தான். ஐந்து மைல் வெயிலில் தலையில் இருந்த துண்டு. ஒரு பொட்டு வியர்வை இல்லை.

துண்டு சில்லென்று இருந்தது.

டீக்கடையில் தேடினார்கள். இல்லை. வாசலில் இல்லை. 5.25க்கு ரயில் வந்தது.

எண்ணினான்... பதினொன்று.

மறுபடி எண்ணினான்...

பதினொன்று.

“டீச்சர், நீங்க அவரு மொகத்தப் பாத்தீங்களா?”

லூர்துமேரி இல்லையென்று தலையாட்டினாள். முருகையனும் பார்க்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய பிறகு அந்த முகத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

மற்றவர்களை ரயிலேற்றிவிட்டு இருதயராஜும் முருகையனும் வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். இங்கியே கெடங்க... இங்கியே கெடங்க... மிதிக்க மிதிக்கத் தன் குரலே அவன் காதில் கேட்டது.

அடிவாரம், 6.20. இருட்டத் தொடங்கியிருந்தது. ஸ்டேஷனில் கேட்டு வாங்கிவந்த டார்ச்சை அடித்துக்கொண்டு ஏறினார்கள். உச்சிக்குப் பின்பக்கம், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பிளவு.

விசில் ஊதினான்.

உள்ளேயிருந்து முனகல்.

7.25.

சின்னதுரை இடுப்பளவு பிளவில் சிக்கிக் கிடந்தான். வலது கால் எலும்பு முறிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தலையில் துண்டு இல்லை. காலில் இரண்டு செருப்பும் இருந்தன.

“அய்யோ, என்ன மன்னிச்சிருங்க சார்,” என்று இருதயராஜ் அழுதேவிட்டான்.

அடிவாரத்துக் கொல்லையில் காவலிருந்தவர்களைக் கூப்பிட்டுக் கயிறு போட்டுத் தூக்கினார்கள். கட்டை வண்டியில் திண்டிவனம் ஆஸ்பத்திரி. கால் பிழைத்தது. ஆனால் சின்னதுரை சொன்னதைக் கேட்டபிறகு இருதயராஜ் மறுபடி எந்தக் கூட்டத்தையும் எங்கேயும் அழைத்துப் போகவில்லை.

“நான் வுழுந்தது பன்னண்டே கால் இருக்கும். துண்டு மேல பாறையில மாட்டிக்கிச்சி. உன் விசில் கேட்டுச்சி ராஜ். கத்தினேன். அப்ப ஒரு கை வந்து துண்ட எடுத்துச்சி. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“மெதுவா ஒரு குரல்... ‘எண்ணிட்டாங்க. சரியா இருக்குதாம். இனிமே வரமாட்டாங்க.’ அவ்ளோதான். போயிடுச்சி.”

இரண்டு வாரம் கழித்துத் திண்டிவனத்து நில அளவைக் குமாஸ்தா விருத்தாசலம், டிக்கெட் எடுக்க வந்தவர், பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் குன்றை அளக்க ஒரு கூட்டம் போய்க் கூடாரம் அடித்ததாம். அதில் அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள் ஒருவன் பிளவில் விழுந்து செத்துப்போனான். வேலை முடிந்து, கூடாரத்தைப் பிரிக்கிற அன்றைக்குத்தான் உடம்பு கிடைத்தது. விழுந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

“அத்தினி நாளா யாரும் தேடலீங்களா?” என்று இருதயராஜ் கேட்டான்.

“எதுக்குத் தேடுவாங்க தம்பி? தெனம் சாயந்திரம் கூடாரத்தண்ட நிக்க வெச்சி ஆள எண்ணியிருக்காங்க. பத்தொம்பது நாளும் சரியாத்தான் இருந்திருக்குது.”