இசக்கிமுத்து அண்ணாச்சி சொன்ன 'வாரேன்'

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. நம் விமானத் தளத்துத் தீயணைப்பு வண்டியில் வேலை பார்க்கும் செல்லத்துரை பேசினார். "சார், இசக்கிமுத்து அண்ணாச்சி போயிட்டாவ. விடியக்காலைல." கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களோடும் வண்டிகளோடும் வானொலியில் பேசுவது என் வேலை. கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி நாக்குக்கு அது பழகிவிட்டது. "போயிட்டார்" என்று திருப்பிச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது மண்டையில் ஏறியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டுக்கு வருவதாக நான் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமை.

இந்த இரங்கல் கூட்டத்தில் நாலு வரி எழுதி வந்து வாசிக்கும்படி நீங்கள் கேட்டீர்கள். அவரோடு அதிகம் பேசியவன் நான்தான் என்பது உங்கள் எண்ணம். உண்மைதான். ஜீப்பில் அவரும் கோபுரத்தில் நானுமாக இரண்டு வருடம் தினமும் பேசினோம். எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். 'கடமை தவறாதவர், பழக இனியவர்' என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். நீங்களும் கைகுவித்து எழுந்து போவீர்கள். ஆனால் என்னால் அப்படி முடித்துவிட முடியாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஓடுபாதையைச் சுற்றிப் பார்த்து வரும் ஜீப்புக்கு அவர் ஓட்டுநராக வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போதுதான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருந்தேன். கம்பியில்லாக் கருவியில் அவர் குரல் கேட்டது. "சார், பைய வாரேன்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் பையன் வர்றான்? ஓடுபாதையில பையனுக்கு என்ன வேலை?" என்று கத்தினேன். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் சொன்னார்: "பையன் இல்ல சார், பைய. மெதுவாம்பியள்லா, அது. இங்கன ரோடு மோசமா கெடக்கு." அன்று தளமே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், அன்று நான் புரியவில்லை என்று கேட்டேன். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு அவர் பாபநாசத்துக்கு மேலே எஸ்டேட்டுகளுக்கு லாரி ஓட்டியவர். நம் தளத்துக்கு அப்போது நாளைக்கு ஒரு விமானம்தான். மீதி நேரமெல்லாம் ஓடுபாதை வெயிலில் காய்ந்து கிடக்கும். ஆனாலும் அதன் ஓரத்து மஞ்சள் கோட்டில் ஜீப்பை நிறுத்தி, அனுமதி கேட்டு, என் பதில் வந்த பிறகே உள்ளே போவார். சில நாள் நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். பதில் தாமதமாகும். பாதையைப் பார்வையிட ஜீப்பில் கூட வரும் செல்லத்துரைக்குப் பொறுக்காது. "ஆகாசத்துல ஒரு காக்கா கூட இல்ல வே, வண்டிய எடும்!" என்பார். "சார் சொல்லட்டும் வே" என்பார் இவர்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒரு நாள் கேட்டேன். "மலைல ஒரு வண்டி போற பாதைதான் சார். வளைவுக்கு முன்னால ஹார்ன் அடிப்போம். மேல இருந்து பதில் ஹார்ன் வரணும். வந்தாத்தான் வண்டிய எடுப்போம். வரலன்னா ஓரங்கட்டிட்டு ஒரு பீடியப் பத்த வைப்போம். பதில் கேக்காம வளைவுல வண்டிய விட்டவன் பூராப் பேரும் பள்ளத்துல கெடக்கான்." வானொலியில் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதியைப் பயிற்சி வகுப்பில் எனக்கு மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்கு அது ஏற்கெனவே கையில் இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் விதிக்கு மசியவில்லை. ஓடுபாதையை விட்டு வெளியேறியதும் வண்டி அதைக் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு 'வெக்கேட்டட்' என்பார்கள். அந்தச் சொல்லை முதலில் அவருக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை. சரி, தமிழில் 'ரன்வேயை விட்டுப் போயிட்டேன்' என்று சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"காலங்காத்தால வண்டில உக்காந்து போயிட்டேன் போயிட்டேன்னு சொல்லச் சொல்லுதியளே சார். எங்க வீட்டுல அவ காதுல விழுந்தா எனக்குச் சோறு போட மாட்டா."

நான் சிரித்துவிட்டேன். நம்மில் யார்தான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்கிறோம்? அன்றிலிருந்து ஓடுபாதையை விட்டு வெளியே வந்ததும், நண்பன் வீட்டு வாசலில் விடைபெறுவது மாதிரி, "வாரேன் சார்" என்று மட்டும் சொல்வார். அது கேட்டால் பாதை காலி என்று எனக்கு அர்த்தம். எழுதி வைத்த வாசகம் வேறு, நாங்கள் பேசிய வாசகம் வேறு. அதை ஒத்துக்கொண்டது நான். என் வேலைதான் அதைத் திருத்துவது.

பிறகு அந்த நாள். உங்களில் பாதிப் பேர் அன்று தளத்தில் இருந்தீர்கள். விமானம் இறங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடுபாதையின் மேற்கு முனையில் இரண்டு மயில்கள் நிற்பதாகத் தகவல் வந்தது. விரட்டுவதற்கு இசக்கிமுத்துவை அனுப்பினேன். அன்று செல்லத்துரை விடுப்பு, அவர் தனியாகப் போனார். வெயில் ஏறிவிட்டது. மேற்கு முனை முழுவதும் கானல், தொலைநோக்கியில் பார்த்தாலும் எதுவும் நிலையாகத் தெரியாது. விமானி ஓடுபாதைக்கு நேராகத் திரும்பிவிட்டதாகச் சொன்னார். நான் ஜீப்பைக் கூப்பிட்டேன். "ரன்வேயை விட்டு வெளியே வாங்க." பதில் வந்தது. "வாரேன் சார்."

வெளியே வா என்றால் வாரேன் என்கிறார். இனிமேல்தான் வரப்போகிறார். பச்சைப் பிள்ளைக்கும் புரியும். என் காதில் விழுந்ததோ தினமும் கேட்கும் அந்த விடைபெறும் 'வாரேன்'. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வழக்கமாக அவர் அதைச் சொல்லும்போது பின்னால் எஞ்சின் சத்தம் கேட்கும். அன்று காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் கைக்கருவியோடு ஜீப்பை விட்டு இறங்கி நின்றிருந்தார். அந்தக் காற்றை நான் கேட்டேன். கேட்டும் கேட்கவில்லை. விமானம் இறங்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

விமானி கடைசி நேரத்தில் ஜீப்பைப் பார்த்து மறுபடி மேலேறிவிட்டார். அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டிருந்த இசக்கிமுத்து வண்டியை ஒடித்து உடைமரப் புதருக்குள் விட்டார். ஜீப் பள்ளத்தில் சாய்ந்தது. கண்ணாடியில் மோதி நெற்றியில் ஐந்து தையல். விமானத்தில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. குரல்களைப் பதிவு செய்யும் கருவி பழுதென்று கழற்றி வைக்கப்பட்டிருந்தது. இசக்கிமுத்து சொல்வதை மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். யாரை உட்கார வைத்தார்கள்? என்னை. அந்த அபத்தம் அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஓடுபாதையில் இருந்தபோது வானொலியில் என்ன சொன்னாய் என்று அதிகாரி கேட்டார். இசக்கிமுத்து கட்டுப் போட்ட நெற்றியோடு சொன்னார்: "வாரேன்னு சொன்னேன் சார். கெளம்பி வாரேன்னு."

எனக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் மனதில் ஓடியது அதுதான் என்பதால் சொல்கிறேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். 'வெக்கேட்டட்' என்று சொன்னதாகச் சொல்கிறார் என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியேறாமலே வெளியேறிவிட்டதாகத் தகவல் கொடுத்த ஓட்டுநர் என்று ஆயிற்று. அவருக்கு ஆங்கிலத்தில் நாற்பது சொல் தெரிந்திருந்தால் அதிகம். ஆனால் அந்தச் சொல் தெரியும், நான்தான் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஓடுபாதைப் பக்கம் போகக்கூடாது என்று அவரை ஊழியர் வேனுக்கு மாற்றினார்கள். வண்ணார்பேட்டையில் எங்களை ஏற்றித் தளத்தில் இறக்கி மாலையில் திரும்பக் கொண்டுவிட வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று வருடம் நான் உட்கார்ந்து போனேன். முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் அந்த ஐந்து தையலின் தழும்பு தெரியும். இடத்தை மாற்றி உட்கார்ந்து பார்த்தேன். எங்கே உட்கார்ந்தாலும் தெரிந்தது. காவலில்லாத ரயில் பாதை வந்தால் நிறுத்தி, முன் இருக்கையில் இருப்பவரிடம் "எடப்பக்கம் என்ன?" என்று கேட்பார். பதில் வந்தால்தான் வண்டி நகரும்.

மாலையில் வண்ணார்பேட்டையில் ஒவ்வொருவராக இறங்கும்போது எல்லோருக்கும் "வாரேன்" சொல்வார். என் முறை வரும்போது மட்டும் "போறேன் சார்" என்பார். முதல் நாள் வாய் தவறியது என்று நினைத்தேன். மறுநாளும் அதேதான். காலையில் போயிட்டேன் என்று சொல்ல மாட்டேன் என்று மல்லுக்கட்டிய மனிதர் அவர். என் ஒருவனிடம் மட்டும் மூன்று வருடம் அப்படிச் சொன்னார். ஒரு நாள் தாங்காமல் கேட்டுவிட்டேன், ஏன் என்னிடம் மட்டும் இப்படிச் சொல்கிறீர்கள் என்று. "ஒங்களுக்கு வெளங்கணும்லா சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

உடம்பு முடியாமல் வேலையை விட்டு அவர் பாபநாசத்துக்கே போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதாவது அவர் இறப்பதற்கு ஆறு நாள் முன்பு, பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தார். அவர் மனைவி காப்பி வைத்துவிட்டு உள்ளே போனதும் சொன்னேன். "அண்ணாச்சி, அன்னைக்கு விசாரணையில நான் மாத்திச் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றார். "அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டலா சொல்லணும்."

எழுந்தேன். பழக்கத்தில் "வர்றேன் அண்ணாச்சி" என்றேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "வாரேன்னா? என்ன அர்த்தம் சார்?"

"இப்ப ஊருக்குப் போறேன். எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பி வருவேன்."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "இப்ப போறிய. எல்லார்ட்டயும் சொல்லுவிய. அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பி வருவிய. சரி சார்."

அந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் உங்களோடு அதே வேனில் வந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடலாம், இன்னும் நாளிருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை மாலை ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் செல்லத்துரை சொன்னார்: "தங்கமான மனுசன் சார். அந்த ஒரு நாளுதான் தப்புப் பண்ணிட்டாவ." அண்ணாச்சியின் மனைவி நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். அப்போதும் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

என்னிடம் அவர் விட்டுப்போனது ஒரு சொல். தினமும் வீட்டிலிருந்து கிளம்பும்போது அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டு வாசலில் நிற்கிறேன். என் மனைவி என்ன என்று கேட்கிறாள்.

புரியாதபோது கேட்டேன். புரிந்துவிட்டது என்று நினைத்த பிறகு கேட்கவில்லை. பயந்த பிறகு பொய் சொன்னேன். தப்பு என்னுடையது. இதை மேலிடத்துக்கும் இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் என்னை என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

செல்லத்துரை, நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அண்ணாச்சியின் மனைவியும் வந்திருக்கிறார்கள். நான் இப்போது சொல்வதைக் கேட்டுவிட்டு, அவர்கள் காதில் விழும்படி திருப்பிச் சொல்லுங்கள். பதில் வரும்வரை நான் இங்கேயே நிற்கிறேன்.

இசக்கிமுத்து அன்று சரியாகத்தான் சொன்னார்.