நாலு பிள்ளைகளும் ஆஸ்பத்திரி மேடும்

கோடைக்கானல் பஜாரில் கம்பளியும் குடையும் விற்பது என் தொழில். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஓடுவது, அதைவிட நான் நன்றாகக் கற்றுக்கொண்ட தொழில்.

ஐம்பதுகளில் ஆரம்பித்து அறுபதுகளின் பாதிவரை இந்த ஓட்டம் நடந்தது. எங்களுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவள் நூர்ஜகான். அடுத்து காசிம், கனி என்று இரட்டையர்கள். கடைக்குட்டி மெகருன்னிசா. நாலு பேரும் காய்ச்சல், சளி என்று சாதாரணமாக எதையும் செய்துகொள்ள மாட்டார்கள். எமர்ஜென்சி என்று தனியாகப் போர்டு மாட்டும் வழக்கமெல்லாம் அன்றைக்கு எங்கள் ஊரில் கிடையாது. ஆஸ்பத்திரி முன்வாசலை ஒட்டி ஓர் அறை, பச்சைத் திரை, நீளமான ஒரு மேஜை, ஸ்டவ்வில் கொதிக்கிற ஊசிகள், அவ்வளவுதான். உள்ளே டாக்டரம்மாவும் ரெஜினா சிஸ்டரும் இருப்பார்கள். டாக்டரம்மா அதிகம் பேச மாட்டார். அவருடைய பங்கையும் சேர்த்து சிஸ்டர் பேசிவிடுவார். பிள்ளை பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்கள் ஊரிலும் ஒரு பச்சைத் திரை இருந்திருக்கும்.

பட்டாணி சீசன்

நூர்ஜகானுக்கு அப்போது மூன்று வயது. என் மனைவி ஆமினா சமையலறையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு கடைக்குப் பின்கட்டிலேயே இருந்தது. பிள்ளை கடைக்குள் வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்து, பரிசு வாங்கியவள் மாதிரி, “அத்தா, மூக்குல பட்டாணி” என்றாள். பார்த்தேன். உள்ளே பச்சையாகத் தெரிந்தது. குடை ரிப்பேருக்கு வைத்திருந்த மெல்லிய கம்பியைக் கையில் எடுத்தேன். ஆமினா எங்கிருந்துதான் வந்தாளோ, “அந்தக் கம்பியக் கொண்டு எம்புள்ள மூக்குக்கிட்ட போனீங்க, இன்னைக்கே எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்” என்று பிடுங்கி எறிந்தாள். கம்பளி வாங்க வந்திருந்த ஆடலூர்க்காரர் ஒருவர், “நீங்க ஓடுங்க, கடைய நான் பாத்துக்கிறேன்” என்றார். ஓடினேன்.

டாக்டரம்மா ஒரு பக்க மூக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டாணி இருந்த பக்கமாக வேகமாக மூச்சை விடச் சொன்னார். பிள்ளை ஊதினாள். ஒன்றும் வரவில்லை. சரி, காற்று எந்தப் பக்கம்தான் போகிறது என்று பார்க்க விரலை எடுத்தார். அந்தப் பக்கமும் காற்று வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கேயும் ஒரு பட்டாணி. வளைந்த ஒரு சின்னக் கருவியால் இரண்டையும் எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் போட்டார். “எதுக்குடா தங்கம் ரெண்டு?” என்று கேட்டார் சிஸ்டர். “ஒண்ணு மட்டும் இருந்தா அது அழுவும்ல” என்றாள் நூர்ஜகான். எனக்கு அதுவரை மூச்சு வாங்குவது நிற்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாய், அப்பிடியே காது ரெண்டையும் பாத்துருவோம். இன்னொரு தடவ இந்த மேடு ஏறி வந்தீங்கன்னா உங்களத்தான் படுக்க வைக்கணும்.”

குடித்தது யார்?

இரட்டையர்களுக்கு நாலு வயது இருக்கும்போது, ஒரு காலை நேரம், வீட்டில் சீமெண்ணெய் போத்தல் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் காசிமும் கனியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மேலும் சீமெண்ணெய் வாடை. “யாருடா குடிச்சது?” என்று கேட்டேன். காசிம் கனியைக் காட்டினான். கனி காசிமைக் காட்டினான். யார் குடித்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கும் நேரமா அது? ஒருவனை நான் தூக்கினேன், ஒருவனை ஆமினா தூக்கினாள். வழியில் எனக்கு நெஞ்சு அடித்த அடியில், தோளில் இருந்தவன் “அத்தா, உங்களுக்குள்ள யாரோ தட்டுறாங்க” என்றான்.

டாக்டரம்மா இரண்டு பேர் நெஞ்சிலும் குழாய் வைத்துக் கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்தார். காசிம் வாயில் பால் வாடை. கனி வாயில் வெங்காய வாடை. பிறகு அவர் மெல்லக் கீழே குனிந்து, கனியின் முழங்காலை முகர்ந்தார். காசிமின் முழங்காலையும் முகர்ந்தார். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கடையில் குடை மடங்காமல் முரண்டு பிடித்தால் நான் கம்பி மூட்டுகளில் இரண்டு சொட்டு சீமெண்ணெய் விடுவேன். அதைப் பார்த்த பயல்கள், ஓட்டப் பந்தயத்தில் கால் வெரசா மடங்க வேண்டும் என்று ஒருவன் முட்டிக்கு ஒருவன் ஊற்றிவிட்டிருக்கிறார்கள். இருந்தாலும் மத்தியானம்வரை அங்கேயே உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரம்மா அனுப்பினார். வாசலில் வந்து அவர் சொன்னது அந்த வருஷம் முழுவதும் பஜாரில் சுற்றிக்கொண்டிருந்தது: “பாய், பசங்க தொழில் கத்துக்கிட்டாங்க. போத்தல மட்டும் ஒசரத்துல வைங்க.”

தைரியம் சொன்னவர்

பைன் காட்டுச் சரிவில் காய்ந்த ஊசி இலைகள் மெத்தை மாதிரி கிடக்கும். அதன் மேல் பலகையைப் போட்டுச் சறுக்கி விளையாடுவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருவிழா. காசிம் சறுக்கிய பலகை ஒரு வேரில் முட்டி நின்றது. காசிம் நிற்கவில்லை. தாடை கிழிந்துவிட்டது. மூன்று தையல் போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. “தலைய அசையாமப் பிடிச்சுக்கங்க பாய்” என்றார். நான் பிடித்துக்கொண்டு, “ஆம்பளப் புள்ள பயப்படக் கூடாது. அத்தா இருக்கேன்ல?” என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஊசி தோலுக்குள் போனதும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்து எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கூரை. மேஜைக் காலில் நெற்றி இடித்து, எனக்கு இரண்டு தையல். என் கையைப் பிடித்துக்கொண்டு, தாடையில் கட்டோடு காசிம் பக்கத்தில் நின்றான். இரண்டு கட்டுகளோடு இரண்டு பேரும் வீட்டு வாசலில் போய் நின்றபோது ஆமினாவுக்கு யாரைப் பார்த்து முதலில் பதறுவது என்று தெரியவில்லை. காசிம் அவளுக்கு ஆறுதல் சொன்னான்: “அத்தா அழுகவே இல்லம்மா. படுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான்.”

பேரிக்காய்

கனிக்குக் காலில் முள் ஏறிப் பழுத்திருந்தது. நானும் ஆமினாவும் அவனோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போது பேத்துப்பாறையிலிருந்து பெரியசாமி என்ற பூண்டு வெள்ளாமைக்காரர், ஆறு வயது மகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வெள்ளனே புறப்பட்டுக் கால்நடையாகவே வந்திருக்கிறார். பேரி மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு முன்கை வளைந்து கிடந்தது. மூங்கில் சிம்பு வைத்து, சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். அது முனகக்கூட இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சிஸ்டர், “பாய், வாங்க” என்று கூப்பிட்டார். பழக்கதோஷம், கனியைத் தூக்கிக்கொண்டு எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டேன். ஆமினா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். “என்னங்க, அந்தப் புள்ளயப் பாத்தீங்களா?” என்றாள். பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாகப் போய்விட்டது. பெரியசாமியை முதலில் உள்ளே போகச் சொல்லிவிட்டு, உதவிக்கு நாங்களும் பின்னாலேயே போனோம்.

எலும்பை ஒரே இழுப்பில் நேராக்கிவிடலாம், ஆனால் பிள்ளை கையை விறைப்பாக வைத்திருக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. அதுவோ பயத்தில் கட்டை மாதிரி இருந்தது. நல்ல கையில் எதையோ பொத்திப் பிடித்திருந்தது. விரித்துப் பார்த்தால் ஒரு பேரிக்காய். விழுந்தபோது பறித்ததாம். அத்தனை மைல் தூரமும் விடவில்லை. “அந்த அண்ணனுக்குக் குடுக்கிறியா தாயி?” என்று டாக்டரம்மா கேட்டதும், யோசித்துவிட்டுக் கனியிடம் நீட்டியது. கனி வாங்கி ஒரே கடி. கல் மாதிரி பிஞ்சுக் காய். துவர்ப்பில் அவன் முகம் கோணிப்போய், ஒரு கண் மூடி, நாக்கு வெளியே வந்து, காதுவரைக்கும் துடித்தது. பிள்ளை கலகலவென்று சிரித்துவிட்டது. டாக்டரம்மா இழுத்த சத்தம் எனக்குத்தான் கேட்டது. சிரிப்பு அழுகையாக மாறுவதற்குள் எலும்பு இடத்தில் உட்கார்ந்திருந்தது. பெரியசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “ராவுத்தரே, ஒங்க பய பல்லு கூசுனதுல எம்மக கை கூடிருச்சு. பழுத்த பொறவு ஒரு கூடை கொண்டாறேன், அவன நல்ல பழமாத் திங்கச் சொல்லுங்க.”

லாரி

மெகருன்னிசாவுக்கு இரண்டு வயது. வறுத்த கடலையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே புரையேறியது. இருமல் நின்ற பிறகு மூச்சு விசில் மாதிரி வந்தது. உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “ஒரு பக்கம் காத்துப் போகல. கடலை உள்ள இறங்கிருக்கு. இங்க எடுக்க முடியாது, மதுரைக்குத்தான் போகணும்” என்றார். மேல்கோட்டை மாட்டிக்கொண்டே, “நானும் வர்றேன்” என்றார். சீசன் நேரம். ஊரில் ஒரு டாக்சிகூட இல்லை. ரெஜினா சிஸ்டர் வெள்ளைச் சீருடையோடு ரோட்டின் நடுவே போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். மாயாண்டியின் உருளைக்கிழங்கு லாரி அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

முன்னால் மாயாண்டி, பிள்ளையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு டாக்டரம்மா, ஜன்னலோரம் ஆமினா. எனக்கு இடம் இல்லை. மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டேன். பெருமாள்மலை தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பகல் மூன்று மணிதான், ஆனால் எதிரே இருக்கிற ரோடு தெரியவில்லை. கீழே பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கத்திக் கேட்டேன், என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அப்போது ஒரு வளைவில், ஜன்னல் வழியாக ஆமினாவின் கை வெளியே நீண்டு, மேலே பார்த்து இரண்டு தடவை ஆடியது. இருக்கிறாள் என்று அர்த்தம். அடுத்த வளைவிலும் ஆடியது. வளையல் போட்ட அந்தக் கை ஒன்றைப் பார்த்துக்கொண்டுதான் நான் மலை இறங்கினேன்.

ஒரு வளைவில் கை வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. கூரையை ஓங்கித் தட்டினேன். அந்த நேரம் பார்த்து முன் சக்கரம் பெரிய குழியில் இறங்கி, லாரி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. என்ஜினும் அணைந்தது. அந்த அமைதியை என்னால் எழுத முடியாது. மேலேயிருந்து குதித்தேன். என்னோடு ஒரு மூட்டையும் விழுந்து, கிழங்கெல்லாம் ரோட்டில் ஓடியது. எழுந்து நிற்பதற்குள் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஆமினாவின் அழுகை இல்லை. மெகருன்னிசா! தொண்டை கிழிய, நல்ல ஆரோக்கியமான, கோபமான அழுகை. கதவைத் திறந்தேன். டாக்டரம்மாவின் உள்ளங்கையில் எச்சிலோடு பாதிக் கடலை. குதித்த குதியில் வெளியே வந்து விழுந்திருக்கிறது. ஆமினா இரண்டு கையாலும் பிள்ளையின் காலைப் பிடித்திருந்தாள். அதனால்தான் கை வெளியே வரவில்லை.

டாக்டரம்மா முன்பக்கமும் பின்பக்கமும் குழாயை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். “ரெண்டு பக்கமும் போகுது. ரெண்டு பக்கமும் நல்லாப் போகுது” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு, தன் சின்ன வயதில் தான் ஒரு புளியங்கொட்டையை விழுங்கிய கதையை ஆரம்பித்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் மொத்தமாகப் பேசிய பேச்சை அந்த ரோட்டோரத்தில் பேசினார். நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம். இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லி, மேலே போகிற பஸ்ஸை நிறுத்தினார். மாயாண்டி சிதறிய கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பொறுக்கினேன். அவர் நிமிர்ந்து அந்தக் குழியை ஒரு நிமிஷம் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். “பாய், இந்தப் பள்ளத்த மூடச் சொல்லி மூணு தடவ மனு குடுத்திருக்கேன். நல்லவேளை, ஒருத்தனும் காதுலயே வாங்கல.”

அந்த ஆஸ்பத்திரி மேட்டில் எத்தனை தரம் ஏறினேன் என்று எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் ஒரு தரம்கூடப் பிள்ளையை விட்டுவிட்டு இறங்கியதில்லை, ஓடுகிற அவசரத்தில் வழியில் விட்டதெல்லாம் என் செருப்புகள்தான்.