சாமி பார்த்த திசை

எங்கள் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக் விருந்து நடந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் பரிமாறப்படுவது என் கதைதான். கலிபோர்னியாவுக்கு வந்த முதல் வாரம் பூஜை அலமாரியை நான் திசை மாற்றி வைத்த கதை. பதினொரு வருடங்களாக என் கணவர் அலுக்காமல் சொல்லிவந்தார். "கிழக்கு எதுன்னே தெரியாதவள நம்பி ஃப்ரீவேல கார குடுத்திருக்கேன்" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

நடந்தது இதுதான். நாங்கள் ஃப்ரீமான்டில் குடியேறியது மழைக்காலம். ஒரு வாரம் சூரியன் தலைகாட்டவே இல்லை. எனக்குக் கோயம்புத்தூர். எங்கள் ஊரில் மலை இருக்கிற பக்கம் மேற்கு. அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இங்கே சமையலறை ஜன்னலில் மலை தெரிந்தது. சாமி படங்கள் கிழக்கே பார்க்கட்டும் என்று மலைக்கு முதுகு காட்டி அலமாரியை நிறுத்தி விளக்கேற்றினேன். மழை விட்ட காலையில் அந்த மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுந்து வந்தது. சாமிகளெல்லாம் நிம்மதியாக மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வருடம் கம்யூனிட்டி காலேஜில் ஆங்கில மொழி வரலாறு படிக்கச் சேர்ந்தேன். கடைசியில் வகுப்பு முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். தலைப்புகளில் 'ஜெர்மானிய மொழிகளில் திசைப் பெயர்கள்' என்பதைப் பார்த்ததும் மற்றதை நான் படிக்கவே இல்லை. எனக்கு அதில் தீர்க்க வேண்டிய வழக்கு ஒன்று இருந்தது.

நூலகமே கதியென்று கிடந்தேன். ஈஸ்ட் என்ற சொல்லின் வேரில் இருப்பது விடியல். வெஸ்டில் மாலைப்பொழுது. சவுத் என்பது சூரியப் பக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். நார்த்துக்குப் பலர் சொல்லும் பொருள், உதிக்கிற சூரியனைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம். ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் மூன்றிலும் இதே சொற்கள்தான் உச்சரிப்பு கொஞ்சம் மாறி நிற்கின்றன. அவர்கள் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் நிலத்தைப் பார்த்து வைத்தோம். கீழே தாழ்கிற பக்கம் கிழக்கு, மேலே உயர்கிற பக்கம் மேற்கு. அப்படியானால் மலையைக் கண்டதும் மேற்கு என்று என் கை நீண்டதில் என்ன தப்பு? என் மொழி சொன்னபடிதானே செய்திருக்கிறேன். நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

வகுப்பில் பேசியபோது பூஜை அலமாரியையும் மறைக்காமல் சொன்னேன். இத்தனை வருடத்தில் இந்தத் தலைப்பை இப்படி யாரும் பேசியதில்லை என்றார் பேராசிரியை.

அடுத்த பாட்லக்கில் கணவர் வழக்கம்போல் தொண்டையைச் செருமினார்.

"இருங்க, இந்தத் தடவ நான் சொல்றேன்" என்றேன்.

மலையைச் சொன்னேன், விடியலைச் சொன்னேன். பிறகு, பதினொரு வருடங்களாக யாரும் கேட்காத பாதியையும் சொன்னேன். அன்று அலமாரியின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான். சென்னைக்காரர். தண்ணீர் இருக்கிற பக்கம்தானே கிழக்கு என்று மலைக்கு எதிரே இருந்த வளைகுடாக் கடல் பக்கம் கைகாட்டி, "கரெக்டாதான் வெச்சிருக்க" என்று சொன்னதும் அவர்தான்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் என் தட்டில் ஒரு வடையை வைத்தார்.

"ரெண்டு பேரும் சேந்துதான் வெச்சோம்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.