எதிர்வீட்டு டயாந்தஸ்

பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கு டயாந்தஸ் செடியைக் கொண்டுவந்த முதல் ஆள் நான்தான். திருச்சி நர்சரியில் ஆறு தொட்டி வாங்கினேன். ரத்தச் சிவப்பு இரண்டு, வெள்ளையில் சிவப்பு வளையம் போட்டது இரண்டு, இளஞ்சிவப்பு ஒன்று, அடுக்கு ஊதா ஒன்று. எல்லாவற்றுக்கும் இதழோரம் கத்தரியால் நறுக்கிவிட்டது போலிருக்கும். அடுத்த வாரமே எதிர்வீட்டுக்காரரும் ஆறு தொட்டி இறக்கினார். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று இங்கே வீடு கட்டியவர். அதே ஆறு, அதே நிறங்கள். யாரைக் கேட்டு?

மார்கழி முழுக்க நான்தான் முன்னால். தினமும் இரண்டு வீட்டுப் பூக்களையும் எண்ணிவிடுவேன். ஒருநாள் எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு இருபத்தாறு. கணக்கு குறையக் கூடாதென்று மனைவியை ஒரு பூகூடக் கிள்ள விடவில்லை.

"சாமி படத்துக்கு ஒண்ணே ஒண்ணுங்க."

"செம்பருத்தி இருக்குல்ல?"

அவள் நேரே எதிர்வீட்டுக்குப் போய் அங்கிருந்து பறித்துவந்தாள். பிறகு தினமும் போனாள். என் வீட்டு சாமிக்கு அவர் வீட்டுப் பூ! அங்கே நின்று அவள் சிரிக்கிற சத்தம் என் வாசல்வரை கேட்கும்.

தை பாதியில் என் செடிகள் நின்றுபோயின. மொட்டே இல்லை. பழைய பூக்கள் காய்ந்து, பழுப்புக் குழல்களுக்குள் கறுப்பு விதை. எதிரே பூத்துத் தள்ளியது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் தூளை மண்ணில் கலந்திருக்கிறார் என்று முடிவுகட்டி, பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேவிட்டேன்.

"தூளுமில்ல ஒண்ணுமில்ல சார். காயுறதுக்குள்ள சாமிக்குப் பறிச்சிடுறோம். பறிக்கப் பறிக்க மொட்டு வைக்குது. நீங்க கண்காட்சியில்ல நடத்துறீங்க!" என்று சிரித்தார். "பாதி நம்ம தங்கச்சி பறிச்சதுதான்."

தங்கச்சியாம். என் மனைவியின் கை என் செடியில் படாமல், அவர் செடியை வளர்த்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை அவளிடம் நீட்டினேன். காய்ந்த தலைகளை எல்லாம் வெட்டிவிட்டாள். மாசியில் திரும்ப மொட்டு வந்து, ஒரு காலையில் ஒன்பது பூ விரிந்திருந்தது.

"பறிச்சுக்க" என்றேன்.

ஒன்பதையும் பறித்தாள். நான்கை எங்கள் சாமிக்கு வைத்துவிட்டு, மீதியை வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"இத்தன நாளு அவங்க பூவைத்தானே வச்சோம். அண்ணன் வூட்டு சாமிக்கும் வைக்க வேணாமா?"

எங்களுக்கு நான்கு, அவருக்கு ஐந்து. அடுக்கு ஊதாவும் அதோடு போய்விட்டது.