பார்வோ கொட்டகை

நம்பாவிட்டால் போங்கள். அன்று அந்தக் கொட்டகைக்குள் இருந்தது நான். யாரோ சொல்லக் கேட்டதை எழுதவில்லை.

முதோளில் வேட்டைநாய் வளர்க்கும் வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. ஜமகண்டியிலிருந்து வந்த புதுக்குட்டியை, வழக்கம்போல, தனியாகப் பின்கொட்டகையில் வைத்தோம். ஆறாம் நாள் ரத்தமாகக் கழிந்தது. பார்வோ, நாய்க்குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய். முன்கொட்டகையில் எங்கள் நாய் ஈன்ற ஆறு குட்டிகள், இன்னும் தடுப்பூசி போடாதவை. என் காலோடு நோய் அங்கே போனால் ஆறும் போச்சு.

டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிவிட்டுப் போனார். குட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"போனையும் குடுங்க அண்ணி, யாரையாவது கூப்பிட்டுத் திறக்கச் சொல்வீங்க," என்றான் கொழுந்தன் ஈரப்பா. "உங்களை நம்ப முடியாது. வெளிய வந்ததும் அந்த ஆறையும் தூக்கிக் கொஞ்சுவீங்க. பாட்டில் தீரட்டும், நானே வந்து திறக்கறேன்."

"மறந்தீன்னா, ஒரு வாரத்துக்கு உனக்கு ரொட்டி கிடையாது!"

சிரித்துக்கொண்டே வெளியே தாழ் போட்டான். என் கைக்கடிகாரத்தில் மணி மதியம் 2.10.

2.35. கதவில் பிறாண்டும் சத்தம். சர்ர்... சர்ர்... வெளியே ஏதோ நாய் என்று நினைத்தேன். இல்லை. கதவின் உள்பக்கத்திலிருந்து மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

குட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

2.50. சளப்... சளப்... நக்கும் சத்தம். மடியில் குட்டியின் முடி ஈரமாகிப் படிந்தது. இரண்டு நாளாக அசையாத வால் ஆடியது.

என் மணிக்கட்டில் சூடாக, சொரசொரப்பாக...

"ஈரப்பா! திற!"

கதவை மோதினேன். அசையவில்லை.

3.05. நக்கும் சத்தம் நின்றது.

முன்கொட்டகையில் ஆறு குட்டிகளும் கத்தின. தாயைக் கண்டால் போடும் சத்தம்.

தாய், ஈரப்பாவோடு சோளக்கொல்லையில் இருந்தது.

3.40. ஈரப்பா தாழைத் திறந்தான். பூட்டிய பிறகு, நோய் பரவாமலிருக்க அவன் வெளியே தூவியிருந்த சுண்ணாம்புத் தூளில் நாய்க் கால்தடங்கள். கதவடியில் தொடங்கி, முன்கொட்டகை வரை. திரும்பிய தடம் இல்லை.

அவன் குனிந்து ஒரு தடத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி கெம்பின்னு ஒரு நாய் இருந்துச்சு; போன வருஷம் அதோட குட்டிங்க எல்லாம் பார்வோல போச்சு அண்ணி. நோயை வெளிய கொண்டாந்துடும்னு, அதை இதுக்குள்ளயே வெச்சுப் பூட்டினேன். கதவைப் பிறாண்டிப் பிறாண்டியே செத்துப்போச்சு..."

பிறாண்டல் சத்தத்தைப் பற்றி நான் அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள், முன்கொட்டகைக் குட்டிகள் ஆறும் ரத்தமாகக் கழிந்தன. ஒன்றும் தங்கவில்லை. நானோ ஈரப்பாவோ அந்தப் பக்கம் கால் வைக்கவே இல்லை.

என் மடியில் கிடந்தது மட்டும் பிழைத்தது.