நிலக்கோட்டையில் வாசித்த கார்டு

1. முதல் நாள் எச்சரிக்கை

கோடை வகுப்புக்குத் தொண்டு செய்யப் போன முதல் நாள், எங்கள் போதகர் வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "பாத்து நடத்துங்க சார். பூட்டுப் பட்டறைக்காரர் ஒரு ஆளை உள்ள விட்டிருக்காருன்னு காதுல விழுந்துச்சு" என்றார்.

அது ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு மிஷன் பள்ளியில் நான் வாத்தியார். மே மாதத்தில் பத்து நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு, டவுனில் வேலை செய்யும் இளைஞர்களுக்காகப் பள்ளிக்கூட ஹாலில் வகுப்பு நடக்கும். பாட்டு, வேதபாடம், மனப்பாட வசனம், கடைசியில் கேரம் போர்டு. பாதிப் பேர் கேரம் போர்டுக்காகத்தான் வந்தார்கள் என்பது என் கணிப்பு. எதையும் முழுசாக நம்பாதது என் பிறவிக் குணம். கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பேன். வீட்டில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

போதகர் சொன்ன பட்டறைக்காரர், தன் வேலையாட்களை நாங்கள் மதம் மாற்றுகிறோம் என்று முந்தின வருஷம் கடைவீதியெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். வகுப்பில் நடப்பதை அறிய இந்த வருஷம் ஆள் அனுப்பியிருக்கிறார் என்றதும் நான் உடனே நம்பிவிட்டேன். என்னைப் போன்றவர்கள் நல்ல சேதியைத்தான் சந்தேகப்படுவோம். கெட்ட சேதிக்கு எங்களிடம் சாட்சியே வேண்டாம்.

2. முன் வரிசையில் ஒருவன்

மூன்றாம் நாளே ஆள் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். பெயர் சுப்பையா. வயது பத்தொன்பது இருக்கும். அதே பட்டறைக்காரரிடம் சாவிக்கு அரம் போடுகிறவன். நகக்கண்ணில் எப்போதும் இரும்புத்தூள் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் வந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிடுவான்.

முறை வைத்து ஆளுக்கு ஒரு பகுதி வாசிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். அவன் முறை வந்தால் புத்தகத்தை மூடிவிடுவான். "நீங்க வாசிங்க சார், நான் கேட்டுக்கிறேன்" என்பான். வாசித்து முடித்ததும் கேள்வி வரும். இதை யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று தோண்டித் தோண்டிக் கேட்பான். மறுநாள் நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வான். என் வாயாலேயே சொல்ல வைத்து, அதை அப்படியே முதலாளியிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று கணக்குப் போட்டேன்.

பதிவேட்டில் எல்லாரும் தெருவும் கதவு எண்ணும் கொடுத்தார்கள். அவன் மட்டும் "பட்டறைன்னே எழுதிக்கங்க சார்" என்றான். வீடு எங்கே என்று இரண்டு தரம் கேட்டும் சிரித்து மழுப்பினான். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்? அன்றிலிருந்து அவன் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். பாடம் நடத்தும்போதும் ஒரு கண் அவன் மேலேயே இருந்தது.

3. நான் எழுதிய கார்டு

வகுப்பு முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தபால் கார்டு எழுதுவது எங்கள் ஊழியத்தில் வழக்கம். இரண்டு வரி நலம் விசாரிப்போம், ஒரு வசனம் எழுதுவோம், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அப்படியே எழுதினேன். சுப்பையாவுக்கு மட்டும் தனியாக யோசித்து எழுதினேன்.

அவனோடு பட்டறையில் வேலை செய்யும் டேவிட் என்ற பையனிடம் பேச்சுவாக்கில் வீட்டு முகவரியை வாங்கிவிட்டேன். கார்டில் இப்படி எழுதினேன்: "அன்புள்ள சுப்பையாவுக்கு, உன்னைப் போல் கவனித்துக் கேட்கிறவன் இந்த வகுப்பில் ஒருவனும் இல்லை. நீ இப்போது எங்களில் ஒருவன். வீட்டாரிடம் சொல்ல வேண்டிய நாள் சீக்கிரம் வரும். அதுவரை உனக்காக ஜெபிக்கிறோம்."

அதில் ஒரு வார்த்தைகூட நான் நம்பி எழுதவில்லை. அவன் முதலாளியின் ஆள் என்றால் கார்டு முதலாளி கைக்குப் போகும், அவர் குதித்துக்கொண்டு பள்ளிக்கு வருவார், குட்டு உடைந்துவிடும். இதுதான் என் திட்டம். தபால் பெட்டியில் போட்டபோது பெரிய கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

முதலாளி வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சுப்பையாதான் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டைப் பையில் அந்தக் கார்டு இருந்தது.

நடந்ததைச் சொன்னான். கார்டு வந்த நேரத்தில் அவன் தாயார் மட்டும் வீட்டில் இருந்திருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியாது. தபால்காரரையே வாசிக்கச் சொல்ல, அவர் தெருவில் நின்று சத்தமாக வாசித்துவிட்டார். அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டது. சுப்பையாவின் அக்கா பாண்டியம்மாவுக்கு நிலக்கோட்டையில் ஒரு பூந்தோட்டக்காரர் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மறுநாளே சேதி பஸ் ஏறி அங்கே போய்விட்டது. பையன் வேதத்தில் சேர்ந்துவிட்டான் போலிருக்கிறது, பரிசம் போடுவதை நிறுத்தி வையுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வகுப்புக்கு வந்த பத்து நாளும் பட்டறையில் கூடுதல் வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறான். முகவரியை மறைத்த காரணம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அதை நீயே வாசித்துப் பார்த்து மறுத்திருக்கக் கூடாதா என்று, என் தப்பை மறைக்க, அவன் மேலேயே பாய்ந்தேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது சார்" என்றான். "எட்டு வயசுல பட்டறைக்கு விட்டுட்டாக. நீங்க வாசிக்கிறது கேக்க நல்லாருக்கும். அதான் வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. தினமும் நான்கு வகுப்புக்கு வாசிக்கச் சொல்லித்தரும் வாத்தியார் நான். எழுத்துத் தெரியாத ஒருவன் பத்து நாள் என் எதிரில் புத்தகத்தை மூடிவைத்து உட்கார்ந்திருந்தும் எனக்கு அது புலப்படவில்லை. வேவு பார்க்கிறவன் என்று மட்டும் நன்றாகப் புலப்பட்டது.

"நீங்க நிலக்கோட்டைக்கு வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார். வாத்தியார் சொன்னா நம்புவாக" என்றான். கிளம்பினேன்.

4. பூந்தோட்டத்து விசாரணை

நிலக்கோட்டையில் மாப்பிள்ளையின் தகப்பனார் எங்களைக் கிணற்றடிக்கே வரச் சொன்னார். கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். ஆனால் முகம் கொடுக்கவில்லை. சுப்பையா யாரோடும் சேரவில்லை, சும்மா பாட்டுக் கேட்க வந்தான் என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடியது.

"ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்றதுக்கா, இந்த வெயில்ல திண்டுக்கல்லுல இருந்து பஸ் ஏறி வந்தீக?" என்றார்.

என் சந்தேகச் சரக்கையே என்னிடம் விற்கிறாரே என்று தோன்றியது. அவர் சுப்பையாவிடமிருந்து கார்டை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீங்க எழுதினதுதானே. வாசிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

பூப்பறித்துவிட்டு வந்த பெண்கள், மாப்பிள்ளை, சுப்பையா எல்லாரும் சுற்றி நின்றார்கள். எழுந்து நின்று வாசித்தேன். "நீ இப்போது எங்களில் ஒருவன்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். இனி உண்மையைத் தவிர வேறு வழியில்லை. இவன் முதலாளியின் வேவுகாரன் என்று சந்தேகப்பட்டேன், அதைச் சோதிக்கத்தான் இப்படி எழுதினேன், இதில் இருப்பதெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"வாசல் தேடி வந்த பயலையே இம்புட்டுச் சந்தேகப்பட்டிருக்கீக. உங்க கூட்டத்துல போய்ச் சேர அவனுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாண்டியம்மாவின் கல்யாணம் பிழைத்துக்கொண்டது. ஆவணியில் பரிசம் போடலாம் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். சுப்பையா மட்டும் சிரிக்கவில்லை.

5. திரும்பும் பஸ்ஸில்

திரும்பி வரும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கார்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேவிட்டை மூணு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன் சார்" என்றான். பிறகு, "கவனிச்சுக் கேக்குறவன்னு எழுதிருந்தீகளே, அதுவும் பொய்தானா?"

"அது நெசம்டா" என்றேன். உண்மையாகவே அது ஒன்றுதான் நிஜம். எழுதும்போது எனக்குத் தெரியவில்லை, அன்றுதான் தெரிந்தது.

அவன் என் முகத்தைப் பார்த்தான். வகுப்பில் நான் அவனைப் பார்த்த பார்வை அது. வீட்டுக்கு வா, எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்றேன். "பாப்போம் சார்" என்றான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கார்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவேயில்லை. முதலாளி யாரையும் அனுப்பவில்லை என்பதும் பிறகு தெரிந்தது.

கோடை வகுப்புக்குத் தொண்டு செய்ய வரும் தம்பிகளே, தங்கைகளே, வகுப்பு முடிந்ததும் நீங்களும் கார்டு எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் அதைப் பத்துப் பேர் நடுவில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் உங்களால் வாசிக்க முடியுமா என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டு தபால் பெட்டியில் போடுங்கள். சுப்பையா கொடுத்த கார்டு இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை இன்னொரு தடவை சத்தமாக வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.